சோளகமும் சுடுதேத்தண்ணியும்

தொண்டைமானாற்றில் ஆடி வெயிலுக்குள் தோட்டம் கொத்திவிட்டு வருகிறவர், வேர்வை காயமுதலே சுடச்சுடப் பிளேன்ரீ கேட்பார். உடம்பு குளிருமாம். கோப்பி மட்டும் சூடு, அதிலுள்ள கஃபீன்தான் காரணம் என்பார்கள். கஃபீன் நீக்கிய கோப்பி குளிர்ச்சியா?

100 மில்லிகிராம் கஃபீன், அதாவது கடும் கோப்பி ஒரு கோப்பை, ஓய்வாக இருப்பவரின் உடம்பு எரிக்கும் சக்தியை ஓரிரு மணி நேரத்துக்கு 3 முதல் 4 வீதம் கூட்டும். மணிக்கு இரண்டு மூன்று கிலோகலோரிதான். தோலின் இரத்தக் குழாய்களையும் அது சற்றுச் சுருக்குவதால் விரல்நுனி கொஞ்சம் குளிரலாம். கஃபீன் நீக்கிய கோப்பியில் மிஞ்சுவது சில மில்லிகிராம் மட்டுமே. இந்த மாற்றங்களை அதில் எதிர்பார்க்க முடியாது.

மீதியெல்லாம் சுடுநீரின் வேலை. 60 பாகைச் சூட்டில் 200 மில்லிலீட்டர் குடித்தால் உடம்புக்குள் சேர்வது ஏறக்குறைய 4.6 கிலோகலோரி. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 0.1 பாகை கூட ஏற்றாது. எட்டுக் கிராம் வேர்வை ஆவியானால் அந்த வெப்பம் முழுவதும் போய்விடும். 2012இல் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஒலி ஜேயும் சகாக்களும் சைக்கிள் மிதித்தவர்களுக்கு 50 பாகை நீர் கொடுத்துப் பார்த்தார்கள். வேர்வை அதிகம் சுரந்தது. குளிர்நீர் குடித்தபோது தங்கியதைவிடக் குறைந்த வெப்பமே உடம்பில் தங்கியது. கொடுத்தது வெறும் நீர், கஃபீன் ஒரு துளியும் இல்லை. நமது தோட்டக்காரரின் அனுபவத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் வேர்வை காய்ந்தால்தான் குளிர்ச்சி. வழிந்து நிலத்தில் விழுந்தால் பயனில்லை. சோளகம் வீசும்போது கடற்கரை வெளியில் வேர்வை உடனே காயும். காற்று விழுந்து புழுங்கும் நாட்களில் அதே தேத்தண்ணி வெப்பத்தைக் கூட்டிவிடும். அன்றைக்குப் பச்சைத்தண்ணீரே நல்லது.

கஃபீனால் நித்திரை வராத முதியவர்களுக்கு மல்லித்தண்ணி போதும், அதில் கஃபீன் இல்லை. கடையில் வாங்கும் மல்லிக் கோப்பித்தூளில் கோப்பிக்கொட்டையும் கலந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். காய்ச்சலுக்கும் மல்லித்தண்ணி குடிக்கலாம். தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். காய்ச்சலின் காரணத்தை அது தீர்க்காது. மாரியில் டெங்கு பரவும் காலத்தில், காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.