கடைமடைக் கொல்லையில் தக்காளி: விதை யார் கையில்?

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் வைத்து கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. 2021 நவம்பர் மழையிலும் இதே கதைதான். விலை ஏறும்போதெல்லாம் காவிரி டெல்டா வீடுகளில் ஒரு யோசனை எழும்: கொல்லையில் நாலு செடி வைத்தால் என்ன?

வைக்கிறார்கள். தளதளவென்று வளர்கிறது, பூவும் பூக்கிறது. பிறகு காம்போடு பூ உதிர்ந்துவிடுகிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் தக்காளி வைத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், 'செடி வந்துச்சு, காய் புடிக்கலை' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

காரணம் வெயில் மட்டுமல்ல, இரவும்தான். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் காய்ப்பு தடைப்படும். ஒட்டன்சத்திரத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் கிடைக்கும் இரவுக் குளிர்ச்சி, கடலோரக் கடைமடைக்குச் சித்திரையில் கிடைக்காது. பச்சை நிழல்வலை கட்டிப் பகலைச் சமாளிக்கலாம், இரவை என்ன செய்வது? தப்பிப் பிழைத்த காய்களும் செக்கச்செவேலென்று பழுப்பதில்லை. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி உருவாவது குறைவதால் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நின்றுவிடுகின்றன.

ஆகவே டெல்டாவில் தக்காளிக்குப் பட்டம்தான் முதல் உரம். ஐப்பசிக் கடைசியில் தாழ்வாரத்துக்குள் குழித்தட்டில் விதைத்து, அடைமழை ஓய்ந்து மார்கழியில் நட்டால் தை, மாசியில் பூவும் காயும் வந்துவிடும். பங்குனிக்குள் பறிப்பில் பாதி முடிந்திருக்கும். கத்திரி வெயில் தொடங்கும்போது செடி தன் வேலையைச் செய்து முடித்திருக்கும்.

மண்ணும் கவனம் கேட்கிறது. வண்டல் களிமண்ணை மட்டும் பையில் நிரப்பினால் காய்ந்ததும் கட்டிதட்டிப் போகும், மழை பெய்தால் வேர் அழுகும். மண், மக்கிய சாண எரு, அலசிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலப்பது பலன் தருகிறது. பை 15 லிட்டருக்குக் குறையக் கூடாது. மொட்டை மாடியானால் தளத்துச் சூடு வேரைத் தாக்காமல் அடியில் செங்கல் வைக்க வேண்டும், மேலே வைக்கோல் மூடாக்கு போட வேண்டும். நெல்லுக்குப் பேர்போன ஊரில் வைக்கோலுக்கா பஞ்சம்? கோடையில் உப்பேறும் ஆழ்குழாய்த் தண்ணீரைத் தக்காளி அதிகம் தாங்காது. தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுவே நல்லது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகும். அளவான தண்ணீர் தினமும் போக வேண்டும். காற்றில்லாத மூலையில் இருக்கும் செடியைக் காலையில் பூங்கொத்தோடு மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து சேரும்.

இவ்வளவும் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் விதை எது?

பெரும்பாலும் கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகப் பாக்கெட். அதில் முதல் விளைச்சல் சீராக வரும். அந்தப் பழத்தின் விதையை மறுபடி விதைத்தால் குணம் பிரிந்துவிடும். ஒன்று நெட்டையாக, ஒன்று குட்டையாக, ஒன்று காய்ப்புக் குறைந்து நிற்கும். எனவே ஆண்டுதோறும் பாக்கெட் வாங்கியாக வேண்டும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. ஒட்டு ரகம் அந்த உரிமையைச் சட்டத்தின் துணையில்லாமலே செல்லாக்காசாக்கிவிடுகிறது.

இது திருத்துறைப்பூண்டியில் நடப்பதுதான் மனதை உறுத்துகிறது. பக்கத்து ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா கண்ட மண் இது. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்கள் மீண்டும் வயலுக்கு வந்தது இங்கிருந்துதான். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற எளிய ஏற்பாடு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. உப்பு மண்ணைத் தாங்கும் குழியடிச்சான் போன்ற நெல், கடலோர விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால் நிலைத்தது. நெல்லுக்கு இவ்வளவு செய்த ஊர், கொல்லையில் நிற்கும் தக்காளிக்கு விதை எடுக்க மறந்தது ஏன்?

தக்காளி நம் மண்ணில் பிறந்த பயிரில்லை, உண்மைதான். தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. ஆனால் வந்த பயிரையும் நம் ஊருக்கு ஏற்றதாக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பிகேஎம் 1, தேனி பக்கத்து அன்னஞ்சியின் உள்ளூர்த் தக்காளியிலிருந்து சடுதி மாற்றம் மூலம் உருவானது. தட்டையான உருண்டை, தோள்பட்டையில் பச்சை. புளிப்பு ஏறிய அந்தப் பழத்தை இன்றும் 'நாட்டுத் தக்காளி' என்று கேட்டு வாங்குகிறார்கள். தைவானில் 1971இல் தொடங்கிய உலகக் காய்கறி மையமும் வெப்பத்தைத் தாங்கும் தக்காளிகளுக்காகப் பல்லாண்டு உழைத்திருக்கிறது. அந்த உழைப்புக்கெல்லாம் அடிப்படை, சேர்த்து வைத்த விதைகள்.

இலைச்சுருட்டை நோயைத் தாங்குவதும் மகசூலும் ஒட்டு ரகத்தில்தான் அதிகம் என்பார்கள். ஏக்கர் கணக்கில் சாகுபடி செய்பவருக்கு அது பொருந்தலாம். நாலு செடி வைக்கும் வீட்டுக்கு விற்பனைக் கணக்கு எதற்கு?

நாட்டு ரகமானால் விதை எடுப்பது கடினமும் இல்லை. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். கத்திரி, பூசணியைப் போல எளிதில் கலப்பதில்லை. மாசி, பங்குனி வெப்பத்திலும் பூ உதிராமல் காய் பிடித்த, நோய் படாத செடியை முதலிலேயே நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து கூழோடு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் புளிக்கவிட்டால் விதையைச் சுற்றிய வழவழப்பு கழன்றுவிடும். அலசி, அடியில் தங்கிய விதைகளைத் துணியில் பரப்பி நிழலில் காயவைத்து, சாம்பல் புரட்டி ஈரம் புகாத பாட்டிலில் வைத்தால் மூன்று நான்கு ஆண்டுகள் முளைப்புத்திறன் நிற்கும். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதை இருக்கும். ஒரு தெருவுக்கே போதும்.

ஒரே ரகத்துக்குள் வேறுபாடு குறைவு என்பதால் ஒரு வீட்டு விதையை மட்டும் நம்பிப் பயனில்லை. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் உறவினர் தரும் நாட்டு விதைகளையும் பல வீடுகளில் பக்கம் பக்கமாக வைத்து, எது கடைமடைச் சூட்டில் காய்க்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வீடு இருபது விதை வாங்கினால் அடுத்த ஆண்டு நாற்பதாகத் திருப்பித் தரலாம். கணக்கு நெல்லுக்கு வைத்ததுதான். பங்குனியில் எடுத்த விதை சித்திரையில் காய்ந்து, கோடையில் நடக்கும் விதைத் திருவிழாக்களுக்குச் சரியாகக் கைக்கு வந்துவிடும். அங்கே நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தக்காளி விதைக்கும் ஒரு மேசை போட்டால் போதும். அடுத்த ஐப்பசி விதைப்புக்குப் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போக வேண்டியிருக்காது.