அலாஸ்காவுக்கு மூட்டை கட்டுதல்

1897ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் அலாஸ்காவின் ஸ்காக்வே துறையில் பல்லாயிரம் பேர் கப்பலிலிருந்து இறங்கினர். மலைகளுக்கு அப்பால், கனடா நாட்டின் கிளாண்டைக் ஆற்றுப் பகுதியில் பொன் கிடைக்கிறது என்ற செய்தி அவர்களை அங்கு இழுத்து வந்திருந்தது. கணவாயின் உச்சியில் நின்ற கனடாக் காவலரோ, ஓராண்டுக்கு வேண்டிய உணவும் கருவிகளும் கொண்டுவராத எவரையும் உள்ளே விட மறுத்தனர். அவ்வளவு பொருளும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு டன் எடை. அதனை ஒரே நடையில் சுமக்க எவரால் இயலும்? சிறிது சிறிதாகத் தூக்கிச் சென்று மேலே வைத்துவிட்டு, மீண்டும் இறங்கி, பனிச் சரிவில் பல முறை ஏறினர். பொன்னைக் கண்டவர் சிலரே. சுமையைக் கண்டவர் அனைவரும்.

இன்று அதே ஸ்காக்வே துறையில், கோடை மாதங்களில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. பனியாற்றையும் திமிங்கிலத்தையும் கழுகையும் காண விழைவோர் அவற்றில் வருகின்றனர். டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலும், அமெரிக்காவிலோ கனடாவிலோ பணிபுரியும் மக்களைக் காணச் செல்லும் பெற்றோர் இப்பயணத்தை மேற்கொள்வது இப்போது அரிதன்று. செலவு மிகுந்த பயணம் இது. மற்றொரு முறை வாய்ப்பது எளிதன்று. ஆதலின், எதனை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது, எதற்காகக் காத்திருப்பது என்பனவற்றை முன்னரே எண்ணிப் பார்த்தல் நன்று.

முதலில் செல்லும் வழியை அறிந்துகொள்வோம். பெரும்பாலான கப்பல்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்தோ கனடாவின் வான்கூவர் நகரிலிருந்தோ புறப்படுகின்றன. பயணம் பொதுவாக ஏழு நாள். கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே ஆகியவை வழக்கமாக நிற்கும் துறைகள். இவை யாவும் அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ளவை. அலாஸ்கா என்றதும் எங்கும் பனிக்கட்டி மூடிய வெண்ணிலத்தை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். இந்தக் கரையோ அடர்ந்த மழைக்காடு. ஏறக்குறைய ஒரு கோடியே எழுபது லட்சம் ஏக்கர் பரப்புள்ள டாங்கஸ் தேசியக் காடு இங்கேதான் இருக்கிறது. கெச்சிக்கனில் ஆண்டுக்குச் சராசரியாக 140 அங்குலத்துக்குக் குறையாத மழை பெய்கிறது. மும்பையில் வாழும் நேயர்கள் தங்கள் ஊர் மழையைவிட இது மிகுதி என்பதை உணர்ந்தால், மூட்டை கட்டுவதில் பாதிப் பாடம் முடிந்துவிடும். அங்கே நமக்கு எதிரி பனியன்று; நனைதலே.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதனைப் பொறுத்ததே. மே மாதத்தில் மழை ஒப்புநோக்கக் குறைவு. மலைகளில் வெண்பனி இன்னும் உருகாமல் அழகாக இருக்கும். ஆனால் குளிர் மிகுதி. ஜூன் மாதத்தில் பகல் நீண்டது. ஜூனோவில் சுமார் 18 மணி நேரம் வெளிச்சம் இருக்கும். ஜூலையில் இளவெயில், பகலில் 15 முதல் 18 டிகிரி வரை வெப்பம். திமிங்கிலங்கள் நிறைய நடமாடும். ஆகஸ்டில் சால்மன் மீன்கள் ஓடைகளில் ஏறி வருவதால் அவற்றைத் தின்னக் கரடிகளும் வந்து சேரும், மழையும் கூடும். செப்டம்பரில் மழை மேலும் வலுக்கும். எல்லாவற்றையும் ஒருங்கே தரும் மாதம் எதுவும் இல்லை. நாம் எதனைக் காண விரும்புகிறோமோ அதற்கேற்ற மாதத்தைக் கொள்ள வேண்டும்.

இனி, பெட்டிக்கு முன்பு கவனிக்க வேண்டியது காகிதங்கள். 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, அயல்நாட்டுக் கொடி தாங்கிய கப்பல் அமெரிக்கத் துறையிலிருந்து பயணிகளை ஏற்றிச் சுற்றிவந்து அங்கேயே இறக்குவதாயின், இடையில் ஓர் அயல்நாட்டுத் துறையைத் தொட வேண்டும். இக்காரணத்தால் சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல்களும் கனடாவின் விக்டோரியா போன்ற துறையில் சில மணி நேரம் நிற்கின்றன. அச்சில மணி நேரத்துக்காகவும் இந்தியப் பாஸ்போர்ட் உடையவர்கள் கனடா விசா பெற்றிருக்க வேண்டும். அமெரிக்க விசாவும் பலமுறை நுழைய இடந்தருவதாக இருத்தல் நலம். “நாம் கனடாவில் இறங்கப் போவதில்லையே” என்று இதனைப் புறக்கணித்தவர் கப்பலில் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம். விசாவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்தல் வேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திராது. எனவே ஒரு நாள் முன்னதாகவே துறைமுக நகரை அடைந்துவிடுவது அறிவுடைமை. முதியோர்க்கு மருத்துவக் காப்பீடு இன்றியமையாதது. நடுக்கடலிலிருந்து நோயாளியை ஹெலிகாப்டரில் ஏற்றிச் செல்ல நேர்ந்தால் ஆகும் செலவு சாதாரணக் குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும்.

அடுத்து உடைகள். டில்லிவாசிகளிடம் கனத்த கம்பளிக் கோட்டு இருக்கும். அதனை எடுத்துச் செல்லவே கை நீளும். ஆனால் ஒரே கனத்த உடையைவிட ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மூன்று மெல்லிய உடைகள் மேலானவை. உடலோடு ஒட்டி, வியர்வையை வெளியேற்றும் உள்ளுடை ஒன்று. அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத, தலைமூடி உள்ள மழைச் சட்டை ஒன்று. நனைந்த பருத்தித் துணி விரைவில் உலராது. உடலின் சூட்டையும் காவாது. குடை அங்கே அவ்வளவு பயன்படுவதில்லை. கப்பல் தளத்தில் வீசும் காற்று அதனைத் திருப்பிவிடும். கம்பளித் தொப்பி, கையுறை, நீர் புகாத காலணி, இரண்டு இணை கம்பளிக் காலுறை ஆகியன வேண்டும். பனியாற்றின் அருகே செல்லும் நாளில், கோடையிலும், பனிக்கட்டியைத் தழுவி வரும் காற்று எலும்பைத் தொடும். சேலை அணியும் பெண்மணிகள் தளத்தில் நிற்கும் வேளைக்கெனச் சல்வாரோ காற்சட்டையோ வைத்துக்கொள்வது வசதி. ஈரமான படிகளில் சேலைக் கரை காலில் தடுக்கக்கூடும். கப்பலிலேயே துணி வெளுக்கக் கொடுக்கலாமாதலால் ஐந்து நாளைக்கு வேண்டிய உடை போதும்.

விட்டுச் செல்ல வேண்டியவற்றையும் சொல்லிவிடுவோம். அரிசி வேகவைக்கும் மின்சாரக் குக்கர், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கெட்டில் ஆகியவற்றைத் தீயச்சத்தின் காரணமாகக் கப்பல்களில் அனுமதிப்பதில்லை. வீட்டில் சமைத்த உணவுக்கும் பொதுவாக இடமில்லை. மரக்கறி உண்போர் பயணச்சீட்டு வாங்கும்போதே தெரிவித்து, ஏறிய முதல் நாளில் உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் நினைவூட்டினால் தக்க உணவு கிடைக்கும். கடையில் அடைத்து முத்திரையிட்ட பருப்புப்பொடிப் பொட்டலம் ஒன்றும் நார்த்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றும் போதும். எண்ணெய் ததும்பும் ஜாடி வேண்டாம். கரையில் இறங்கும்போது கப்பலின் உணவைக் கையில் கொண்டு செல்லலாகாது. அதற்குச் சுங்க விதி ஒரு காரணம். கரடி மற்றொரு காரணம்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அவை நம் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே பாஸ்போர்ட், மருந்துகள், மருத்துவர் எழுதிய சீட்டு, மூக்குக்கண்ணாடி, ஒரு ஸ்வெட்டர் ஆகியன கைப்பையில் இருக்க வேண்டும். இவற்றை அடுத்து, மறக்கவே கூடாத பொருள் பைனாகுலர் என வழங்கும் இரட்டைத் தொலைநோக்கி. ஏழு அல்லது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதே ஏற்றது. பன்னிரண்டு மடங்கு எனக் கடைக்காரர் புகழ்வதை நம்ப வேண்டாம். ஆடும் கப்பலில் அதன் காட்சியும் ஆடும். வீட்டுக்கு ஒன்று போதாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். கணவரிடமிருந்து மனைவி கைக்கு மாறுவதற்குள் திமிங்கிலம் மூழ்கிவிடும்.

இதனை அனுபவத்தில் அறிந்தே சொல்கிறோம். எங்கள் பயணத்தில், ஒரு காலை அரை மணி நேரம் காப்பிக்காக உள்ளே சென்றிருந்தோம். அப்போது மேல்தளத்திலிருந்து எழுந்த ஆரவாரம் கேட்டு ஓடிவந்தபோது, கண்டது அலையில் விரிந்து மறைந்த வட்டம் ஒன்றே. மறுநாள் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் அசையாது நின்றோம். தொலைவில் வெண்புகை போன்ற மூச்சு மேலெழுந்தது. பின்னர்க் கருமுதுகு வளைந்தது. இறுதியில் வால் எழுந்து மெல்ல அமிழ்ந்தது. காப்பி ஆறிப் போயிற்று, எவரும் வருந்தவில்லை.

அந்தக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பல, குளிர்காலத்தை ஹவாய்த் தீவுகளின் வெப்பக் கடலில் கழித்து, குட்டிகளை ஈன்று, ஏறக்குறைய உணவின்றியே இருந்து, பல்லாயிரம் கிலோமீட்டர் நீந்தி அலாஸ்காவுக்கு உண்ண வருகின்றன. அவை அங்கே உண்ணும் மாதங்களே நாம் செல்லும் மாதங்கள். அதனால்தான் அலாஸ்கா நீரில் அவற்றை 100 கஜத்துக்குள் அணுகலாகாது என்று சட்டம் விதித்துள்ளனர். படகோட்டி அருகே செல்லவில்லை என்று குறைப்படுவோர் இதனை நினைவிற் கொள்க. கழுகைத் தேடுவோர், கரும்பச்சை மரங்களின் உச்சியில் வெள்ளைப் பஞ்சுருண்டை போலத் தெரிவதைத் தேட வேண்டும். அது வெண்தலைக் கழுகின் தலை. மிதவைகளிலும் பாறைகளிலும் கடற்சிங்கங்கள் படுத்திருக்கும். கப்பலின் முன்முனையைக் கடிகாரத்தின் 12 எனக் கொண்டு, “3 மணித் திசையில் பார்” என்று சொன்னால் வலப்புறம் என்று பொருள். இக்கணக்கைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டால் கூச்சல் குறையும்.

முடிவாகப் பனியாறு. சில கப்பல்கள் கிளேசியர் விரிகுடாவுக்குள் செல்கின்றன; நாளொன்றுக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மட்டுமே அங்கு அனுமதி. ஆகவே சீட்டு வாங்குமுன் அக்கப்பல் அங்கே செல்லுமா என்று கேட்டறிய வேண்டும். 1794இல் வான்கூவர் என்னும் மாலுமியின் குழுவினர் வந்தபோது, அந்த விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியாய் இருந்தது. 1879இல் ஜான் மியூர் கண்டபோது பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று அது ஏறத்தாழ 65 மைல். பனி முன்னேறிய காலத்தில் தம் ஊரை இழந்து வெளியேறியவர் ஹூனா டிலிங்கிட் மக்கள்; அவர்களது முன்னோர் நிலத்தில் மரபு மனை ஒன்று 2016இல் மீண்டும் எழுந்தது. நாம் வேடிக்கை பார்க்கச் செல்லும் இடம் பிறர்க்குத் தாய்நிலம் என்பதையும் மறத்தலாகாது.

முற்காலப் பின்வாங்கல் இயற்கையின் போக்கில் தொடங்கியது. ஹப்பர்ட் பனியாறு போல இன்றும் முன்னேறுவதும் உண்டு. ஆயினும் அலாஸ்காவின் பெரும்பாலான பனியாறுகள் இப்போது சுருங்கி வருவதற்குப் புவி வெப்பமடைதலே முதற்காரணம். நாம் செல்லும் கப்பலும் எண்ணெய் எரித்தே செல்கிறது என்ற எண்ணம் சிறிது உறுத்தத்தான் செய்யும், உறுத்தட்டும். பனிமுகத்தின் முன் கப்பல் நிற்கையில் அறைக்குள் இராமல் தளத்துக்கு வருக. பனிப்பாளம் உடைந்து விழும் ஓசை இடிபோல் கேட்கும். ஒரு மைல் தொலைவிலிருந்து அவ்வோசை நம்மை அடைய ஐந்து விநாடி ஆகும். ஓசை கேட்டுத் திரும்புபவர் காண்பது தெறித்த நீரை மட்டுமே. ஓசைக்கு முன்பே அவ்விடத்தை நோக்கியிருப்பவரே காட்சியைக் காண்பர்.

ஆகவே பெட்டியைச் சிறிதாகக் கட்டுவோம், காகிதங்களைச் சரிபார்ப்போம், மழைச் சட்டையை மேலாக வைப்போம். அக்கரையில் நேரப்பட்டியலின்படி வருவது கப்பல் ஒன்றே. திமிங்கிலமும் கழுகும் பனியும் தத்தம் வேளையில் வரும். அதுவரை தளத்தில் நின்றிருக்கும் பொறுமையை மட்டும் வீட்டில் மறந்துவிட்டுச் செல்லாதிருப்போமாக.