உங்களுக்குத் தெரியுமா? மரபணு எழுத்தும் மனித உடம்பும்

அப்பாவின் மூக்கு, பாட்டியின் சுருட்டை முடி என்று மரபணுவைப் பற்றிப் பேசுகிறோம். மரபணு மூக்கையோ முடியையோ நேராகச் செய்வதில்லை. புரதம் எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்புதான் அதில் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது, சோற்றைச் செரிப்பது, தசையைச் சுருக்குவது எல்லாம் புரதங்களின் வேலை. குறிப்பில் எழுத்து மாறினால் அதைச் சடுதிமாற்றம் என்கின்றன பாடநூல்கள். மியூட்டேஷன் என்கிறார்கள் மருத்துவர்கள். அந்த மாற்றம் சில நேரம் நோய், சில நேரம் வரம், பல நேரம் ஒன்றுமே இல்லை.

செல்லுக்குள் 2 மீட்டர்

கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லின் உட்கருவில் சுருண்டிருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அதில் இருப்பவை ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள். அம்மா வழியில் சுமார் 300 கோடி எழுத்து, அப்பா வழியில் சுமார் 300 கோடி. புரதத்துக்கான குறிப்பு இதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. புரதம் செய்யும் மரபணுக்கள் மனிதரிடம் சுமார் 20,000தான்.

மூடிய மரபணு, திறந்த மரபணு

கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. இன்சுலினுக்கான மரபணு உங்கள் தோல் செல்லிலும் இருக்கிறது; அங்கே அது மூடிக் கிடக்கிறது. கணையத்தின் பீட்டா செல்லில் மட்டும் திறந்து வேலை செய்கிறது. எந்த மரபணு எங்கே, எப்போது திறக்கிறது என்பதுதான் ஒரு செல்லைக் கண்ணாகவோ கல்லீரலாகவோ ஆக்குகிறது.

மூலம் உள்ளே, நகல் வெளியே

டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. தேவையான மரபணுவை மட்டும் செல் ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்புகிறது. அதுதான் தூது ஆர்.என்.ஏ. இப்படி ஒரு நகல் இருப்பதை 1961இல் உறுதிசெய்தார்கள். வேலை முடிந்ததும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ அது சிதைந்துவிடும். கொரோனா காலத்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் உடம்புக்குக் கொடுத்தது இத்தகைய நகலைத்தான். அதற்கு வழி திறந்த கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2023இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மூன்றெழுத்துச் சொல்

நகலில் உள்ள எழுத்துகளைச் செல் மூன்று மூன்றாகப் படிக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு மூன்றெழுத்தும் புரதத்தின் கண்ணியான ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். மொத்தம் 64 சொற்கள். 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களுக்கு, மீதி மூன்றும் ‘நிறுத்து’ என்ற கட்டளை. முதல் சொல்லின் பொருளை 1961இல் மார்ஷல் நைரன்பெர்க்கும் ஹைன்ரிக் மத்தேயும் கண்டுபிடித்தார்கள். மற்ற சொற்களைப் படித்தறிந்ததில் பெரும்பங்கு ஹர் கோவிந்த் கொரானாவுடையது. பிரிக்கப்படாத பஞ்சாபில், ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். 1968இல் நைரன்பெர்க், ராபர்ட் ஹோலி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிதம்பரத்தில் பிறந்தவர் கண்ட ரைபோசோம்

நகலைப் படித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் இடம் ரைபோசோம். லட்சக்கணக்கான அணுக்களால் ஆன அதன் வடிவத்தை அணு அளவில் படம்பிடித்தவர்களில் ஒருவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009இல் வேதியியல் நோபல் பெற்றார். இது ஆய்வுக்கூடத்தோடு முடிந்த சங்கதி அல்ல. டெட்ராசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்து நிறுத்தித்தான் கிருமியை அடக்குகின்றன. நம் செல்லின் ரைபோசோம் வேறு அமைப்பில் இருப்பதால் நாம் தப்பிக்கிறோம்.

வெட்டி ஒட்டிய பிறகே பயன்

மரபணுவின் நடுவே புரதத்துக்குத் தேவைப்படாத நீண்ட பகுதிகள் இருக்கின்றன. 1977இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் ஃபிலிப் ஷார்ப்பும் தனித்தனியே இதைக் கண்டார்கள். நகல் எடுத்ததும் செல் அவற்றை வெட்டி எறிந்து மீதியை ஒட்டுகிறது. தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோபின் புரதத்தின் மரபணு 20 லட்சம் எழுத்துக்கும் மேல் நீளம். ஒரு முறை நகலெடுக்கவே சுமார் 16 மணி நேரம் ஆகிறது. வெட்டி ஒட்டிய பின் மிஞ்சுவது 79 துண்டுகள் சேர்ந்த சுமார் 14,000 எழுத்து. இந்த மரபணு பழுதானால் சிறுவர்களின் தசையைக் கரைக்கும் டுஷென் நோய் வருகிறது.

ஒரு மரபணு, பல புரதம்

துண்டுகளை வேறு வேறு விதமாகச் சேர்த்தால் ஒரே மரபணுவிலிருந்து பல புரதங்கள் கிடைக்கும். பழ ஈயின் நரம்பு மண்டலத்தில் உள்ள டிஸ்கேம் என்ற மரபணுவுக்கு இப்படி 38,016 வடிவங்கள் சாத்தியம்.

பாக்டீரியாவுக்கும் அதே அகராதி

மனிதரின் மூன்றெழுத்துச் சொற்களை பாக்டீரியாவும் அதே பொருளில்தான் படிக்கிறது. மனித இன்சுலினுக்கான குறிப்பை 1978இல் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அது மனித இன்சுலினையே செய்து கொடுத்தது. 1982இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் சர்க்கரை நோயாளிகள் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினையே நம்பியிருந்தார்கள்.

ஒவ்வொரு குழந்தைக்கும் புதிய எழுத்துகள்

தாய் தந்தை இருவரிடமும் இல்லாத எழுத்து மாற்றங்கள் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் சராசரியாக 60 முதல் 70 வரை இருக்கும். பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை. இவற்றில் அதிகப் பங்கு தந்தையின் விந்தணு வழியாக வருகிறது. தந்தையின் வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறுகிறது. குழந்தைக்குக் குறை என்றதும் தாயை மட்டும் குற்றவாளியாக்குவதற்கு அறிவியலில் இடமே இல்லை.

சத்தமில்லாத மாற்றம்

ஜிஏஏ, ஜிஏஜி இரண்டும் குளுட்டாமிக் அமிலத்தையே குறிக்கும். கடைசி எழுத்து ஏ ஜி ஆனாலும் புரதம் அதேதான். ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பதால் பல பிசகுகள் பாதிப்பில்லாமல் கடந்துபோகின்றன.

ஓர் எழுத்து கொடுத்த வலி

அதே ஜிஏஜியில் நடு எழுத்து மாறி ஜிடிஜி ஆனால் கதை வேறு. குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் உட்காரும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் இந்த மாற்றம் வந்தால் அதுவே சிக்கிள் செல் என்னும் கதிர் அரிவாள் ரத்தசோகை. ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டத் தட்டு போன்ற சிவப்பணு அரிவாள் போல வளைகிறது. நுண் ரத்தக்குழாயை அடைக்கிறது. எலும்பிலும் மார்பிலும் பொறுக்க முடியாத வலி வருகிறது.

இது ஹீமோகுளோபின் மூலக்கூற்றிலேயே உள்ள கோளாறு என்று 1949இல் லைனஸ் பாலிங் குழு காட்டியது. மாறியது ஒரே ஓர் அமினோ அமிலம் என்பதை 1956இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ராம் கண்டார். ஒரு நோயின் வேர் புரதத்தின் ஒற்றைப் புள்ளி வரை கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

நோயே காவலும் ஆகும்

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த எழுத்து மாற்றத்தைப் பெற்றவருக்கு வழக்கமாக நோய் வராது. அவர் கடத்துபவர் மட்டுமே. கொடிய மலேரியாவிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது. 1954இல் ஆந்தனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதை நிறுவினார். மலேரியா நெடுங்காலம் வாட்டிய பகுதிகளில் இந்த மரபணு அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்தியாவில் இது முதன்முதலில் கண்டறியப்பட்ட இடம் நம் நீலகிரி. 1952இல் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது தெரியவந்தது.

ஓர் எழுத்து விழுந்தால்

‘மரம் பழம் தரும் வனம்’. எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். இரண்டாவது எழுத்தான ‘ர’வை எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் படியுங்கள்: ‘மம்ப ழம்த ரும்வ னம்’. எதற்கும் பொருளில்லை. மரபணுவில் ஓர் எழுத்து விழுந்தாலும் இதே நிலைதான். அதற்குப் பின் வரும் புரதம் முழுக்கக் குலையும். மூன்றெழுத்து சேர்ந்து விழுந்தால் பின்னால் உள்ள வாசிப்பு தப்பிக்கும், ஓர் அமினோ அமிலம் மட்டும் குறையும். அதுவும் எப்போதும் சிறிய இழப்பல்ல. 1,480 அமினோ அமிலம் உள்ள ஒரு புரதத்தில் ஒன்று குறைவதுதான், நுரையீரலைச் சளியால் அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு மிகப் பரவலான காரணம்.

பாஸ்மதி மணப்பது ஏன்?

ஒரு மரபணு கெட்டுப்போனதால். பி.ஏ.டி.எச்.2 என்ற மரபணுவில் 8 எழுத்துகள் விழுந்துவிட்டன. புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் புரதம் இல்லாததால் மணமூட்டும் ஒரு வேதிப்பொருள் அரிசியில் சேர்கிறது. ரம்பை இலைக்கு மணம் கொடுப்பதும் அதே வேதிப்பொருள்தான்.

ஐ.ஆர். 8இன் குட்டைத் தண்டு

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8, தைவானின் ஒரு குட்டை நெல்லையும் இந்தோனேசியாவின் ஒரு நெட்டை நெல்லையும் கலந்து பிறந்தது. தைவான் நெல்லில் ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செய்ய உதவும் மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. அதனால் பயிர் குட்டையாக நின்றது. உரம் போட்டாலும் கதிர் கனத்தாலும் சாயவில்லை. பசுமைப் புரட்சிக்குத் தோள் கொடுத்தது ஒரு சடுதிமாற்றம்.

மெண்டலின் சுருங்கிய பட்டாணி

19ஆம் நூற்றாண்டில் கிரிகோர் மெண்டல் எண்ணிப் பார்த்த சுருங்கிய பட்டாணியின் காரணம் 1990இல்தான் தெரிந்தது. மாவுச்சத்து செய்ய உதவும் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்துகள் எங்கிருந்தோ வந்து செருகிக்கொண்டிருந்தன. மாவுச்சத்து குறைந்து சர்க்கரையும் நீரும் கூடிய பட்டாணி, காயும்போது சுருங்கிவிடுகிறது.

நெல்லிக்காய் நமக்கு ஏன் வேண்டும்?

ஆடும் நாயும் வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. அதற்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது. ஆனால் நம் முன்னோடி விலங்குகளிடமே பல கோடி ஆண்டுகளுக்கு முன் அது பழுதாகிவிட்டது. அதனால்தான் நாம் நெல்லிக்காய் போன்ற காய் கனிகளைச் சார்ந்திருக்கிறோம்.

வெயிலும் புகையும்

வெயிலின் புற ஊதாக் கதிர் அருகருகே உள்ள இரண்டு ‘டி’ எழுத்துகளை ஒட்டிவிடுகிறது. செல் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்புகிறது. இத்தகைய பழுதுபார்க்கும் முறைகளைக் கண்டறிந்த மூவருக்கு 2015இல் நோபல் கிடைத்தது. புகையிலைப் புகை, புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவின் எழுத்துகளையே தாக்குகிறது. பழுதுபார்க்கும் வேகத்தைவிடச் சேதம் கூடும்போது புற்றுநோய்க்கு வழி திறக்கிறது.

மூடியதைத் திறந்த மருத்துவம்

கருவில் இருக்கும்போது நம் ஹீமோகுளோபின் வேறு. பிறந்த சில மாதங்களில் அந்த மரபணு மூடிக்கொண்டு, பெரியவர்களுக்கான மரபணு முழுவீச்சில் வேலை செய்கிறது. சிக்கிள் செல்லுக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை, பிசகிய எழுத்தைத் திருத்தவில்லை. நோயாளியின் ரத்த மூலச் செல்லை எடுத்து, கருவின் ஹீமோகுளோபினை மூடி வைத்திருக்கும் கட்டுப்பாட்டை, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் முறையில் முடக்கித் திருப்பிச் செலுத்துகிறார்கள். பழைய மரபணு மறுபடி திறக்கிறது. விலையோ ஏழை நாடுகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அது இறங்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

தாயும் தந்தையும் சிக்கிள் செல் கடத்துபவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மற்றொரு மரபுவழி ரத்தசோகையான பீட்டா தலசீமியாவுக்கும் இதே கணக்குதான். நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் இருவரிடமும் ஒரே பிசகு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. சிக்கிள் செல்லை 2047க்குள் ஒழிப்பது என்ற இலக்குடன் மத்திய அரசு 2023இல் தேசியத் திட்டம் தொடங்கியது. ஹீமோகுளோபின் வகையைக் கண்டறிய ஒரு ரத்தப் பரிசோதனை போதும். திருமணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கடத்துபவர் என்று தெரிந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரையும் ஒதுக்கவும் காரணமில்லை. எழுத்துப் பிசகு இல்லாத மனிதர் இந்த உலகில் ஒருவரும் கிடையாது.