ஜப்பானில் பிஎச்.டி. படிக்க ஏஜெண்ட் வேண்டாம்



எம்.எஸ்ஸி., எம்.டெக். முடித்த நம் பிள்ளைகள் சிலர் ஜப்பானில் முனைவர் பட்டம் படிக்க விரும்புவதாகப் பெற்றோர் நம் அலுவலகத்தில் சொல்லி வருகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சியான செய்தி. கூடவே, ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுப்பது, வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம். இந்தப் படிப்புக்கு ஏஜெண்ட் வேண்டாம். உதவித்தொகை கிடைத்துவிட்டால் வட்டிக் கடனும் வேண்டாம்.

ஜப்பான் அரசு 1954 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வருகிறது. 'மெக்ஸ்ட்' உதவித்தொகை என்பார்கள். கல்விக் கட்டணம் இல்லை, போக வர விமானச் சீட்டு உண்டு. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 1,45,000 யென் என்று இருக்கிறது. வயது 35க்குள் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, தூதரகம் வழி. பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் அறிவிப்பு வரும். சென்னையில் ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கிறது. சான்றிதழ் பரிசீலனை, எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து பிள்ளை விமானம் ஏறுவது அடுத்த ஆண்டுதான். மற்றொன்று, பல்கலைக்கழகமே பரிந்துரைப்பது. அதற்குப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தேதி மாறும். எந்த வழியானாலும் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஒரு பேராசிரியர் பிள்ளையைத் தம் மாணவராக ஏற்க வேண்டும். நம் மதரஸாக்களில் இன்ன உஸ்தாதிடம் ஓதினேன் என்று சொல்வதில்லையா, அதுபோலத்தான் அங்கும். மாணவர் சேர்வது பல்கலைக்கழகத்தில் என்றாலும், வாழ்வது அந்தப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் பதில் வராது. ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, 'உங்கள் இந்த ஆய்வில் இந்த இடத்திலிருந்து நான் தொடர விரும்புகிறேன்' என்று ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். இதைப் பிள்ளைதான் எழுத வேண்டும். ஏஜெண்ட் எழுதிக் கொடுத்தால் முதல் நேர்காணலிலேயே தெரிந்துவிடும்.

உதவித்தொகை இல்லாமல் போவது வேறு கணக்கு. தேசியப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென். பாதியோ முழுதுமோ தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் பகல் முழுதும் நிற்கும் பிள்ளை அந்த வருமானத்தை நம்பி வட்டிக் கடன் கட்டுவது நடக்காத காரியம்.

தீன் விஷயத்தில் தாய்மார்களுக்குக் கவலை இருக்கும், நியாயம்தான். கோபே நகரில் 1935லேயே பள்ளிவாசல் எழுந்தது. அதற்கு நிதி கொடுத்தவர்களில் இந்திய வணிகர்களும் உண்டு. சில பல்கலைக்கழக உணவகங்களில் ஹலால் உணவு கிடைக்கிறது. வெளியே கவனம் வேண்டும். சைவம் போலத் தெரியும் குழம்பில்கூட 'மிரின்' என்ற அரிசி மது சேர்ந்திருக்கலாம். மீன் வாங்கித் தானே சமைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிக் கவலை விட்டது! ஆணோ பெண்ணோ, போகும் முன் சமையல் கற்றுக் கொடுங்கள். டிசம்பரில் டோக்கியோவில் மாலை நாலரைக்கே மஃரிப் ஆகிவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் ஆய்வுக்கூட நேரத்திலேயே வரும். தொழுகைக்கு இடமும் சில நிமிடங்களும் வேண்டும் என்று முதல் வாரத்திலேயே பேராசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. கூச்சப்பட்டு ஒளிந்து தொழ வேண்டியதில்லை.

மணமானவர்கள் துணையைப் பிறகு அழைத்துக்கொள்ள விசா உண்டு. குடும்பச் செலவை உதவித்தொகை ஏற்காது.

ஒரு செலவு மட்டும் கையில் இருக்க வேண்டும். போனவுடன் உதவித்தொகை வந்துவிடாது. முதல் செலவுகளுக்குச் சுமார் 2,000 டாலர் கொண்டு வரும்படி அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். தேர்வான பிள்ளைக்கு இந்தத் தொகையைக் கர்ளன் ஹஸனாவாகக் கொடுக்க நம் அறக்கட்டளை ஆலோசிக்கும், இன்ஷா அல்லாஹ். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பேராசிரியரின் பதில் கடிதம் ஆகியவற்றின் நகலுடன் ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் வாருங்கள்.