ரகசியமும் மருந்துதான்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நெருங்கும்போது வரும் மீனவர் ஊர் பொம்மையார்பாளையம். வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். கடலை நம்பியும் உப்பை நம்பியும் வாழும் இப்படிப்பட்ட ஊர்களில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட எல்லாருக்கும் தெரியும். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். ஆனாலும் அங்கே போகக் கால் தயங்குகிறது. காரணம், ‘யாராவது பார்த்துவிட்டால்?’ என்ற பயம்.

இந்தப் பயத்துக்கு வயது ஏறக்குறைய நாற்பது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா நடத்திய ஆய்வுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தது. ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்கள் பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபட்டுக் காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்கள். அவர்களிடம் சம்மதம் கேட்கச் சொல்லும் எச்.ஐ.வி. சட்டம் அன்று இல்லை. நோயின் பெயரோடு ‘ஒழுக்கம் கெட்டவர்’ என்ற பட்டமும் சேர்ந்தே ஊருக்குள் வந்தது.

சுனிதி சாலமன் அதோடு நிற்கவில்லை. 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, மற்றவர்கள் தொடத் தயங்கிய நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தார். சிகிச்சை பரவலையும் தடுக்குமா என்று ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த ஆய்வில் சென்னையும் ஒரு களம். 2011இல் முடிவு வந்தது: தொற்றுள்ளவர் முன்கூட்டியே மருந்தைத் தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது. மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே பரவுவதில்லை என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை.

அப்படியென்றால் சிகிச்சையே தடுப்பு. ஆனால் சிகிச்சைக்கு முதல் படி பரிசோதனை. பரிசோதனைக்கு முதல் படி நம்பிக்கை. கூவாகம் திருவிழாவில் திருநங்கைகளுக்கான விழிப்புணர்வுப் பணியில் திருநங்கைகளே முன்நிற்பது இதனால்தான். தன்னைப் போன்றவரிடம் வாய் திறப்பது எளிது. மீனவர் குப்பத்திலும் உப்பளத்திலும் இதே வழிதான் எடுபடும்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், சம்மதமில்லாமல் பரிசோதிப்பதையும் ஒருவரின் நிலையை வெளியே சொல்வதையும் தடை செய்கிறது. வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டுவதற்கும் தடை உண்டு. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. ஊர்வாயும் கொஞ்சம் அடங்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் ‘நம்பிக்கை மைய’த்தில் ஆலோசனையும் பரிசோதனையும் ரகசியமாக நடக்கும். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அங்கே போவதைப் பார்த்தால், பார்த்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.