பட்டுப்புழுவைக் குடையும் ஊசி ஈ

இரவு பகல் பாராமல் மல்பெரி இலை போட்டு வளர்த்த பட்டுப்புழு, கூடு கட்டும் தறுவாயில் கறுத்துச் சாவதுண்டு. தப்பிக் கூடு கட்டியவற்றிலும் சிலவற்றில் ஓட்டை விழும். இந்த இரண்டு நட்டத்துக்கும் ஒரு முக்கியக் காரணம் ஊசி ஈ.

மேற்கு வங்காளத்தில் நெடுங்காலமாக இருந்த இந்த ஈ, 1980-ல் கர்நாடகத்தில் தலைகாட்டிப் பின்னர் தமிழ்நாட்டுக்கும் பரவியது. பார்வைக்கு வீட்டு ஈயைப் போலவே இருந்தாலும் அதைவிடப் பெரியது. கருஞ்சாம்பல் நிறம், முதுகில் நான்கு கருங்கோடுகள் இருக்கும்.

தாக்கும் விதம்

தாய் ஈ புழுவின் தோல்மீது குண்டூசித் தலை அளவில் வெண்மையான முட்டையை ஒட்டிவிடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரித்து, சிறு புழு தோலைத் துளைத்து உள்ளே செல்லும். நுழைந்த இடத்தில் கரும்புள்ளி தோன்றும். இதுவே முக்கிய அடையாளம். உள்ளே ஒரு வாரம் வரை சதையைத் தின்று கொழுத்தபின் வெளியேறும்.

நான்காம் பருவத்திலோ ஐந்தாம் பருவத் தொடக்கத்திலோ தாக்கினால் பட்டுப்புழு கூடு கட்டாமலே இறந்துவிடும். ஐந்தாம் பருவக் கடைசியில் தாக்கினால் கூடு கட்டும். ஆனால் ஈப்புழு கூட்டைத் துளைத்து வெளிவரும். பட்டுக்கூடு ஒரே நீண்ட இழையால் ஆனது. ஓட்டை விழுந்தால் இழை அறுந்துவிடும். நூல் எடுக்க இயலாது. அது கழிவுக் கூட்டின் விலைக்கே போகும்.

மருந்து அடிக்கலாமா?

கூடாது. ஈயைக் கொல்லும் பூச்சிமருந்து பட்டுப்புழுவையும் கொல்லும். ஆகவே ஈயை உள்ளே விடாமல் தடுப்பதே முதல் வழி. சன்னல்கள், கதவு, காற்றுத் துளைகள் எல்லாவற்றுக்கும் நைலான் வலை அடிக்க வேண்டும். வாசலில் சிறு முன்னறை அமைத்தால், ஆள் நுழையும்போது ஈ கூடவே வராது. மூன்றாம் பருவம் முதல், ஊசி ஈயைக் கவரும் மாத்திரை ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சன்னலோரம் உள்ளும் புறமும் வைத்தால் ஈக்கள் விழுந்து மடியும். ஈயின் கூட்டுப்புழுவைத் தாக்கும் நெசோலின்க்ஸ் என்னும் நன்மை செய்யும் சிறு குளவியையும் விடலாம்.

அறுவடைக்குப் பின்

பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். வெளியேறிய ஈப்புழு, தரை வெடிப்பிலும் மண்ணிலும் குப்பையிலும் புகுந்து ஒரே நாளில் கூட்டுப்புழுவாகிவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாக வெளிவந்து, இருக்கும் வீட்டையும் பக்கத்து வீட்டையும் தாக்கும். எனவே தரை வெடிப்புகளைப் பூசி, ஈப்புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டோ எரித்தோ அழிக்க வேண்டும். தாக்கிய பட்டுப்புழுக்களையும் அவ்வாறே செய்ய வேண்டும். அவற்றைக் குப்பைக் குழியில் வீசினால் அங்கேயே ஈ உற்பத்தியாகும்.

ஒருவர் மட்டும் வலை அடித்துப் பயனில்லை. ஊரில் புழு வளர்ப்போர் அனைவரும் ஒரே சமயத்தில் துப்புரவு செய்தால்தான் அடுத்த முறை கூடு முழுசாக வீடு வந்து சேரும்.