தினமும் தொல்லை தரும் டிஸ்க் செக்... நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம்!

அவசரமாக ஒரு பிரின்ட் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்தால், வழக்கமான திரைக்குப் பதிலாக டிஸ்க்கைப் பரிசோதிக்கப்போவதாக ஓர் அறிவிப்பு. சதவிகிதக் கணக்கு ஆமை வேகத்தில் நகர்கிறது. ஒருநாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் இதே கதை என்றால், `இதை எப்படி நிறுத்துவது?' என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும்.

நிறுத்த முடியும். ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால், அது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டு நிறுத்துவதே நல்லது.

ஏன் வருகிறது?

டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பதற்கு விண்டோஸ் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனாலோ, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலோ, அந்தக் கணக்கு பாதியில் நின்றுவிடலாம். கணக்கில் பிசகு இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அந்த டிரைவில் விண்டோஸ் ஓர் அடையாளம் இட்டுவைக்கும். அதன் பெயர் `டர்ட்டி பிட்'. அடுத்த முறை ஆன் செய்யும்போது அந்த அடையாளம் கண்ணில் பட்டால், பரிசோதனை தொடங்கும். சரிசெய்து முடித்ததும் அடையாளம் அழிக்கப்படும்.

எனவே, மின்வெட்டுக்குப் பிறகு ஒருமுறை மட்டும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. முழுதாக ஓடி முடிய விடுங்கள். நடுவில் சுவிட்சை அணைக்கக் கூடாது. தினமும் வருகிறது என்றால், அடையாளம் அழிக்கப்படவில்லை அல்லது மறுபடி மறுபடி விழுகிறது என்று பொருள். தளர்ந்த கேபிளோ, ஆயுள் முடியப்போகும் டிஸ்க்கோ காரணமாக இருக்கலாம்.

முதல் வேலை, காப்பி!

குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ, தாத்தாவின் குரல் பதிவு, வீட்டுக் கடன் பத்திரங்களின் ஸ்கேன்... இவையெல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில் இருக்கின்றனவா? பரிசோதனை தொடங்குவதற்கு முன் சில நொடிகள் எண்ணிக்கை ஓடும். அதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தினால், அன்றைக்குத் தவிர்த்துவிடலாம். உள்ளே போனதும், முக்கியமானவற்றை பென் டிரைவுக்கோ வெளி ஹார்டு டிஸ்க்குக்கோ காப்பி செய்துவிடுங்கள்.

காப்பியை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முழுமையான பரிசோதனை, டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்கும். நொடிக்கு 100 எம்.பி வேகத்தில் படித்தாலும், 1 டி.பி டிஸ்க்கை முடிக்க ஏறக்குறைய 2 மணி 45 நிமிடங்கள் ஆகும். ஏற்கெனவே பழுதாகிவரும் டிஸ்க் அந்த உழைப்பைத் தாங்காமலே போகலாம்.

காப்பி எடுத்த பிறகு, `திஸ் பி.சி'யில் அந்த டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்று வரிசையாகப் போங்கள். அங்கே சோதித்து, பிழை இருந்தால் சரிசெய்யச் சொல்லலாம். பெரும்பாலும் தொல்லை இதோடு தீர்ந்துவிடும்.

அப்படியும் தீரவில்லையா?

புது டிஸ்க் வாங்கும்வரை சமாளிக்க வேண்டும், நாளைக்குள் ஒரு வேலையை முடித்தாக வேண்டும் என்ற நிலையில் பரிசோதனையை நிறுத்திவைக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் `கமாண்ட் பிராம்ப்ட்' என்று தேடி, ரைட் கிளிக் செய்து, `ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். திறக்கும் கறுப்புத் திரையில் சி, எச், கே, என், டி, எஃப், எஸ் என்ற 7 ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துத் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, கேள்விக்குறி கீயில் இருக்கும் சாய்கோட்டையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்துத் தட்டுங்கள். மீண்டும் ஓர் இடைவெளி, பிறகு டிரைவின் எழுத்து, அதையொட்டி கோலன். என்டர் அழுத்தினால் முடிந்தது.

இரண்டு டிரைவ்களை விலக்க வேண்டும் என்றால், இரண்டையும் ஒரே வரியில் கொடுக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால், கடைசியாகக் கொடுத்தது மட்டுமே நிற்கும். பழைய நிலைக்குத் திரும்ப, அதே 7 எழுத்துகளுக்குப் பின் சாய்கோடும் டி எழுத்தும் போதும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இந்தக் கட்டளை பரிசோதனையைத்தான் நிறுத்துகிறது. பிழை அப்படியேதான் இருக்கும், டர்ட்டி பிட்டும் அழியாது. சமையலறையில் கேஸ் வாசனை வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது போலத்தான் இதுவும். டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தாலோ, ஃபைல்கள் திறக்க மறுத்தாலோ, கட்டளையைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். காப்பி எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். புது டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும். தாத்தாவின் குரல் கிடைக்காது.